மணலுக்குள் ஒரு வெப்பமானி

திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கின் வாயிலில் அமராவதி அணை அமைந்துள்ளது. பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகிய மூன்றும் மலைகளிலிருந்து கொண்டுவரும் நீரைத் தேக்குவதற்காக 1957ஆம் ஆண்டில் இவ்வணை கட்டப்பட்டது. தாராபுரம், கரூர் வரையிலான வயல்களுக்கு நீரளிப்பதே அதன் நோக்கம். ஆனால் மலையோரத்தில் தேங்கிய அந்த நீரை மனிதர் மட்டும் பயன்படுத்தவில்லை. அந்த ஆறுகளில் முன்பே வாழ்ந்துவந்த சதுப்புநில முதலைகளுக்கும் அணை புதியதொரு வாழிடம் ஆயிற்று.

மாசி, பங்குனி மாதங்களில் நீர்மட்டம் இறங்கும்போது சேறும் மணலுமாக நீண்ட கரைகள் வெளிப்படுகின்றன. பெண் முதலை இரவில் கரையேறி, மேட்டுப்பாங்கான ஓரிடத்தில் பின்னங்கால்களால் ஏறத்தாழ ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டுகிறது. இருபத்தைந்து முதல் முப்பது வரை முட்டைகளை இட்டு, மணலால் மூடி, மேற்பரப்பைச் சமன்செய்துவிட்டு நீருக்குத் திரும்புகிறது. பறவையைப் போல அது முட்டையின்மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. அந்த வேலையை மணலின் வெப்பமே செய்கிறது. அவ்வெப்பம் செய்யும் மற்றொரு வேலையை உலகம் அறிந்துகொள்ள 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழகிய விலங்கு

கொங்கு நாட்டு மக்களுக்கு முதலை புதிய விலங்கன்று. அவிநாசியில் குளிக்கச் சென்ற சிறுவனை முதலை விழுங்கியதையும், ஆண்டுகள் சில கழித்து அவ்வூருக்கு வந்த சுந்தரர் பதிகம் பாடி அவனை மீட்டதையும் சேக்கிழார் கூறுகிறார். இதனை அருள்நிகழ்வாகக் கொள்வோர்க்கும் இதிலொரு செய்தி உண்டு. ஊர்க்குளத்தில் முதலை இருப்பது கேட்போருக்கு வியப்பளிக்காத காலம் ஒன்று இருந்திருக்கிறது. குறிஞ்சிப்பாட்டோ முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை அடுத்தடுத்துச் சொல்கிறது. இந்தியாவில் இன்று வாழும் முதலையினங்களும் மூன்று: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால். இவ்விரண்டு மூன்றுகளையும் பொருத்திப் பார்க்க மனம் விரும்பும். ஆயினும் நீண்டு மெலிந்த மூக்கையுடைய கரியால் வடபுலத்துப் பேராறுகளின் விலங்கு. அது தமிழக ஆறுகளில் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. பழம்பெயர்களை அவசரப்பட்டு அறிவியல் பெயர்களோடு இணைப்பது ஆய்வுக்கு உதவாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்த மூன்று இனங்களும் அழிவின் விளிம்பிற்கு வந்தன. தோலுக்காக அவை கொல்லப்பட்டன. முட்டைகள் எடுக்கப்பட்டன. மீன்வலையில் சிக்கி மூச்சுத்திணறி இறந்தவையும் பல. நீருக்குள் வாழ்ந்தாலும் முதலை நுரையீரலால் சுவாசிப்பது; வலைக்குள் நெடுநேரம் அகப்பட்டால் அதனால் தப்பமுடியாது. 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலையை வேட்டையாடுவதைத் தடைசெய்தது. எனினும், எஞ்சியிருப்பவை எத்தனை, எங்கே என்ற வினாக்களுக்குச் சட்டத்தால் விடை தர இயலாது. சென்னைப் பாம்புப் பூங்காவை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவருடன் பணியாற்றியோரும் 1970களில் தமிழக நீர்நிலைகளில் முதலைகளைத் தேடிச் சென்றனர். அமராவதி, மோயாறு, சாத்தனூர், காவிரி எனச் சில இடங்களிலேயே அவை எஞ்சியிருந்தன.

எண்ணுவதும் எடுப்பதும்

முதலையை எண்ணுவது எளிதன்று. பகலில் மனித அரவம் கேட்டவுடன் அது நீருக்குள் மூழ்கிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் இரவில் படகில் செல்கின்றனர். முதலையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. கைவிளக்கின் ஒளி பட்டதும் கண்கள் தணல்போலச் சிவந்து மின்னுகின்றன. அந்தச் செம்புள்ளிகளை எண்ணிக் குறித்துக்கொள்வர். அவ்வேளையில் மூழ்கியிருப்பவை கணக்கில் வாரா. எனவே ஓர் இரவின் எண்ணிக்கையை ஆய்வாளர் நம்புவதில்லை. ஒரே கரையில் பல இரவுகள், பல பருவங்கள் எண்ணிப் பார்த்தே முடிவுக்கு வருகின்றனர்.

1975இல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் துணையோடு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்வன ஆய்வாளர் ராபர்ட் பஸ்டார்ட் அதற்கு ஆலோசகராக இருந்தார். திட்டத்தின் அடிப்படை எளிமையானது. முதலை ஏராளமான முட்டைகளை இடுகிறது. ஆனால் அவற்றுள் மிகச் சிலவே முழு வளர்ச்சி பெறுகின்றன. உடும்பும் கீரியும் நரியும் குழியைத் தோண்டி முட்டைகளைத் தின்கின்றன. பொரிந்த குஞ்சுகளை நாரை, கொக்கு, பெருமீன்கள் கவ்விச் செல்கின்றன. இந்தத் தொடக்ககால இழப்பைத் தடுத்து, குஞ்சுகளை ஒரு மீட்டருக்குமேல் வளர்த்து ஆற்றில் விட்டால், எண்ணிக்கை விரைவில் உயரும். இந்நோக்கில் 1976இல் அமராவதி அணையருகே முதலைப் பண்ணை நிறுவப்பட்டது. அதே ஆண்டில் விட்டேகரும் ஜை விட்டேகரும் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையைத் தோற்றுவித்தனர்.

நீர்த்தேக்கத்தின் கரையெங்கும் தேடி முட்டைகளைச் சேகரித்துப் பண்ணையில் பொரிக்கவைப்பது அமராவதியில் நடந்த பணி. வயிறு இழுபட்ட தடமும் பின்னங்கால் கிளறிய மண்ணும் ஓரிடத்தில் காணப்பட்டால், மெல்லிய கோலை மணலில் மெதுவாகச் செலுத்திப் பார்ப்பர். கோல் தடையின்றி இறங்கும் இடத்தில் கையால் மணலை விலக்கினால் முட்டைகள் தென்படும். இதற்குப்பின் வேண்டுவது பொறுமை. கோழி தன் முட்டையை நாள்தோறும் புரட்டுகிறது. முதலை முட்டையை அவ்வாறு புரட்டினால் கரு இறந்துவிடும். முட்டை இடப்பட்டு ஒரு நாளைக்குள் கருவானது ஓட்டின் மேற்பக்க உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைகீழாக்கினால் அது கிழிபட்டு நசுங்குகிறது. ஆகையால் ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் அடையாளமிட்டு, குழியில் கிடந்த நிலை மாறாமல், அதே மணல் பரப்பிய பெட்டியில் எடுத்துச் செல்கின்றனர். கரு உயிருடன் இருக்கும் முட்டையின் நடுவே வெண்ணிறப் பட்டை ஒன்று தோன்றி நாளுக்குநாள் அகன்றுவருவதைக் காணலாம். எத்தனை முட்டைகள் பொரியும் என்பதை ஓட்டை உடைக்காமலே அறிய உதவும் அடையாளம் அது.

ஆணா, பெண்ணா?

மனிதரில் குழந்தையின் பாலினம் கருவுறும் கணத்திலேயே குரோமோசோம்களால் முடிவாகிறது. முதலையிடம் பாலினக் குரோமோசோம்கள் இல்லை. அவ்வாறாயின் அதன் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்?

இவ்வினாவின் முதல் நூலிழை இந்தியாவிலிருந்து வெகுதொலைவில் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஓணான் முட்டைகளை ஆராய்ந்த மாதலீன் ஷார்னியே என்ற பிரெஞ்சு அறிவியலாளர், அடைகாக்கும் வெப்பநிலை மாறும்போது குஞ்சுகளின் பால்விகிதமும் மாறுவதை 1966இல் வெளியிட்டார். அக்கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1982இல் மார்க் பெர்குசன், டெட் ஜோனென் ஆகியோர் அமெரிக்க அலிகேட்டரிலும் வெப்பமே பாலினத்தை முடிவு செய்வதைக் காட்டியபின் ஊர்வன ஆய்வுலகம் விழித்துக்கொண்டது. இங்கு ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அமராவதிப் பண்ணையில் முட்டைகள் மணலில் வைக்கப்படத் தொடங்கியது 1970களில். அந்த மணலின் வெப்பம் குஞ்சுகளின் பாலினத்தையும் வகுக்கிறது என்பதை அப்போது முதலைகளைக் காக்க முயன்ற எவரும் அறிந்திருக்கவில்லை.

சதுப்புநில முதலையைப் பற்றிய விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேகர் ஆகிய மூவரும் சென்னை முதலைப் பண்ணையில் முட்டைகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் மாறாத ஒரு வெப்பநிலையில் பொரிக்கச் செய்தனர். 1989இல் வெளிவந்த முடிவு எவரையும் வியக்கவைப்பது. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையில் வைக்கப்பட்ட முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகள் மட்டுமே வெளிவந்தன. 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் மட்டுமே பிறந்தன. 31.5, 32, 33 ஆகிய நிலைகளில் இருபாலும் கலந்து பிறந்தன. பெண் மட்டும் என்பதற்கும் ஆண் மட்டும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஒன்றரை டிகிரி. அடைகாலம் முழுவதும் இவ்வெப்பம் செயல்படுவதில்லை. அக்காலத்தை மூன்றாகப் பகுத்தால் நடுப்பகுதியே பாலினத்தை முடிவு செய்யும் காலம்.

இம்முடிவு பண்ணைகளின் நடைமுறையையே கேள்விக்குட்படுத்தியது. நிழலில் அமைந்த குழியும் வெயிலில் அமைந்த குழியும் ஒரே விளைவைத் தருவதில்லை. நான்கு விரற்கடை ஆழம் கூடுவதும் குறைவதும் ஒரு தலைமுறையின் பால்விகிதத்தை மாற்றக்கூடும். நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டபின், அவை அனைத்தும் ஒரே பாலினமாக இருந்தால் அந்த உழைப்பால் என்ன பயன்? பொரிந்த குஞ்சின் பாலினத்தைப் புறத்தோற்றத்தால் அறியவும் முடியாது. அது ஓரளவு வளர்ந்தபின் கழிவுப்புழையினுள் ஆராய்ந்தே சொல்லமுடியும். ஆகவே எண்ணிக்கையோடு வெப்பத்தையும் பதிவுசெய்வது முதலை வளர்ப்பின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

அதே பண்ணையில் இம்மூவரும் கண்ட மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல்கொடுக்கும்போது தாய் குழியைத் தோண்டி அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுசெல்கிறது. இப்பணியில் தந்தை முதலையும் பங்குகொள்வதை அவர்கள் 1986இல் பதிவுசெய்தனர். கொடுமைக்கு உவமையாகக் கூறப்படும் அந்தத் தாடை, ஓடு உடையாத முட்டையைக்கூட மெல்ல அழுத்திக் குஞ்சை விடுவிக்கும் திறமுடையது.

மீனவரும் முதலையும்

அமராவதி நீர்த்தேக்கம் மீன்வளத்திற்கும் பெயர்பெற்றது. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா மீன் தமிழக நீர்த்தேக்கங்கள் பலவற்றிலும் பரவி, இங்கும் பெருகியது. முதலை மீனைத் தின்று தீர்த்துவிடும் என்ற அச்சம் மீன்பிடிப்போரிடம் எழுவது இயல்பே. வலை கிழிந்து கிடக்கும் காலையில் அந்த அச்சத்தைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் முதலையின் உணவைப் பற்றிய ஆய்வுகள் வேறொரு படத்தைத் தருகின்றன. குஞ்சுகள் பூச்சி, நண்டு, தவளை, சிறுமீன்களை உண்கின்றன. வளர்ந்தவை மீனோடு பறவை, ஆமை, விலங்குகளையும் உண்கின்றன. மேலும் முதலை தன் உடல்வெப்பத்தை வெயிலிலிருந்து பெறுகிறது. உணவை எரித்து உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் தேவை அதற்கில்லை. அதனால் ஒத்த எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய உணவில் சிறுபங்கே அதற்குப் போதும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் உண்ணாமலும் அது வாழும்.

பண்ணைகள் வெற்றி பெற்றதே அடுத்த சிக்கலுக்குக் காரணம் ஆயிற்று. குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றை விடுவதற்கு ஏற்ற ஆறுகளோ பெருகவில்லை. கரைகள் வயல்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறியிருந்தன. அணைக்குக் கீழே ஆற்றில் முதலை தென்பட்டால் துணி துவைப்போரும் கால்நடை மேய்ப்போரும் அஞ்சவேண்டியிருக்கிறது. 1990களில் முதலைகளைப் பெருக்குவதைப் பண்ணைகள் நிறுத்தவேண்டிய நிலை வந்தது. ஒருகாலத்தில் ஒவ்வொரு முட்டையையும் பென்சிலால் குறித்துக் காத்தவர்கள், பின்னர் ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் குளங்களில் பிரித்துவைத்தனர். அறிவியலின் தோல்வியாக இதனைக் கருதுவது பொருந்தாது. முட்டையைக் காக்கும் வழியை ஆய்வு கண்டறிந்தது. ஆற்றங்கரையைக் காக்கும் பொறுப்பு ஆய்வாளர் கையில் மட்டும் இருக்கவில்லை.

காட்டுக்கூடுகளைப் பற்றிய வினாக்கள் இன்னும் மிஞ்சியுள்ளன. கோடைமழை முந்தி வந்து நீர்மட்டம் உயர்ந்தால், தாழ்வான கரையிலுள்ள குழிகள் பொரிக்கும் முன்பே மூழ்குகின்றன. கோடை வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அக்குழிகளிலிருந்து வெளிவருபவை எந்தப் பாலினமாக இருக்கும்? தாய் முதலை அதற்கேற்ப முட்டையிடும் மாதத்தை முன்தள்ளுமா, நிழலைத் தேடுமா, இன்னும் ஆழமாகத் தோண்டுமா? இவற்றுக்கு விடைகாண, ஒரே கரையில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் கூடுகளைத் தேடி, முட்டைகளைத் தொடாமல் அவற்றின் அருகே மணலுக்குள் வெப்பமானியைப் புதைத்துவைத்து, குஞ்சுகள் குரல்கொடுக்கும் நாள்வரை அளவுகளைக் குறித்துவரவேண்டும்.