கண் மேல் ஒரு குட்டி ஏரி!



நடவுக்குத் தயாராகும் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கரையாம்புத்தூர்ப் பக்கம் வந்தால் ஆசை தீரப் பார்க்கலாம். உழுது போட்ட நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியதும் என்ன ஆகிறது? பள்ளமெல்லாம் நிரம்பி, மேடெல்லாம் மூழ்கி, வயல் முழுவதும் கண்ணாடி விரித்தது போல் சமமாகி விடுகிறது. வானமும் தென்னை மரமும் அதில் அழகாகத் தெரிகின்றன.

பாகூர் ஏரியும் அப்படித்தான். கோடையில் வற்றிக் கிடக்கும்போது குண்டும் குழியும். மழைக்காலத்தில் நிரம்பி விட்டால் ஒரே மட்டம்!

மேடு பள்ளத்தைத் தண்ணீர் மறைத்துவிடும் இந்த வித்தையைக் கொண்டு, மங்கிய கண்ணுக்குத் தெளிவான பார்வை தர முடியும் என்றால் நம்புவீர்களா? ‘ஸ்கிளிரல் லென்ஸ்’ என்ற சிறு கிண்ணம் அதைத்தான் செய்கிறது. அதன் கதையைப் பார்ப்போம்.

கண்ணின் சன்னல்

நம் கண்ணின் முன்புறம், கருவிழியை மூடியபடி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். கண்ணுக்குள் ஒளி நுழையும் சன்னல் இதுதான். குறுக்களவு ஏறக்குறைய 12 மி.மீ.; நடுவில் இதன் தடிமன் அரை மி.மீ.தான்!

கார்னியாவில் இரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் சன்னலில் கோடு கிழித்தது போல் பார்வையை மறைக்குமே! அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை இது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்னியாவைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஸ்கிளிரா. கண்ணின் உறுதியான மதில் சுவர் அது.

சன்னல் வளைந்தால்?

நல்ல கார்னியா, பந்தின் ஒரு துண்டைப் போல வழவழப்பாக வளைந்திருக்கும். சிலருக்கு இது மெலிந்து, முன்பக்கம் கூம்பு போலப் பிதுங்கி விடுகிறது. இந்த நோய்க்குக் கெரட்டோகோனஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பருவத்தில்தான் இது தலைகாட்டும். அதாவது உங்கள் வயதில்!

வேறு சிலருக்கு அடிபட்டோ, சுண்ணாம்பு, அமிலம் போன்றவை தெறித்தோ கார்னியா கரடுமுரடாகி விடுகிறது. அரிதாகச் சிலருக்கு, உட்கொண்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடல் முழுவதும் கொப்புளம் கிளம்பும். ‘ஸ்டீவன்ஸ் ஜான்சன்’ என்ற அந்த நோய் கண்ணீர்ச் சுரப்பையும் கெடுத்துவிடும். கண் வறண்டு, இமை மூடித் திறக்கும்போதெல்லாம் மணல் உராய்வது போல் வலிக்கும்.

இவர்களுக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. ஏன்? கண்ணாடி, சீரான வளைவில் உள்ள குறையைத்தான் சரிசெய்யும். கரடுமுரடான கார்னியாவில் விழும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் ஒவ்வொரு பக்கம் சிதறும். ஒரு நிலா இருக்குமிடத்தில் இரண்டு, மூன்று நிலா தெரியும். கரும்பலகை எழுத்துக்கு வால் முளைக்கும்.

சரி, கண்ணுக்குள் வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் வைத்தால்? மிருதுவான லென்ஸ், ஈரத்துணி போலக் கார்னியாவின் மேல் படிந்து, அதன் மேடு பள்ளத்தையே தானும் வாங்கிக்கொள்ளும். கெட்டியான சிறிய லென்ஸோ கூம்பின் உச்சியில் உட்கார்ந்து உறுத்தும். சில நேரம் நழுவி விழுந்தும் விடும். கார்னியாவில் நரம்பு முனைகள் மிக அதிகம். ஒரு தூசி விழுந்தாலே துடித்துப் போகிறோம் அல்லவா?

தண்ணீர் செய்யும் வேலை

ஸ்கிளிரல் லென்ஸ் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது? அது கார்னியாவைத் தொடுவதே இல்லை! ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தது போல அதன் மேலே வளைந்து நின்று, ஓரத்தை வெள்ளை விழியின் மேல் ஊன்றிக்கொள்கிறது. அங்கே உணர்ச்சி குறைவு. ஆகவே உறுத்தலும் குறைவு.

லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே ஒரு மி.மீ.யில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி. அதில் கண்ணீரைப் போன்ற உப்பு நீர் நிரம்பியிருக்கும். கார்னியாவும் நீரும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பவை. எனவே நீர் நிரம்பியதும் மேடு பள்ளம் ‘மறைந்து’ போகிறது. ஒளி இப்போது சந்திப்பது லென்ஸின் வழவழப்பான மேற்பரப்பை மட்டும்தான். வறண்ட கண்ணுக்கும் நாள் முழுவதும் ஈரம் கிடைக்கிறது; இமையின் உராய்விலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்!

ஒளி ஊடுருவும் பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, உப்புத்தாளால் ஒரு பக்கம் தேயுங்கள். மூடி மங்கலாகிவிடும். தேய்த்த பக்கம் மேலே இருக்கும்படி, செய்தித்தாளுக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரியாது. இப்போது தேய்த்த இடத்தில் சிறிது தண்ணீர் விட்டு, அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை மூடுங்கள். எழுத்து முன்னைவிட நன்றாகத் தெரிகிறதா? மங்கிய மூடி கார்னியா. தெளிவான தாள்தான் லென்ஸ். இடையில் நம் குட்டி ஏரி!

முயலில் தொடங்கிய கதை

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறீர்களா? இல்லை. உலகின் முதல் கான்டாக்ட் லென்ஸ்களே இந்த வகைதான்!

1887-ல் ஜெர்மனியில் வீஸ்பாடன் நகரில் செயற்கைக் கண் செய்துவந்த முல்லர் குடும்பத்தார், இமை பழுதான ஒருவரின் கண்ணைக் காக்கக் கண்ணாடியால் ஓர் உறை செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1888-ல், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருந்த அடால்ஃப் ஓய்கன் ஃபிக் என்ற கண் மருத்துவர், பார்வைக்கான கண்ணாடி லென்ஸ் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். முதலில் முயலின் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கண்ணிலேயே வைத்துக்கொண்டார். அதன் பின்புதான் நோயாளிகளுக்கு வைத்தார். லென்ஸுக்கு அடியில் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். அதே காலத்தில் பாரீஸில் யூஜீன் கால்ட் என்பவர் கூம்பு விழிக்காரர்களுக்கு இம்முறையைக் கையாண்டார். 1889-ல் ஆகஸ்ட் முல்லர் என்ற மாணவர் தன் கிட்டப்பார்வைக்குத் தானே லென்ஸ் செய்து போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை!

காரணம் என்ன? முன்பே சொன்னேனே, ஆக்சிஜன்! கண்ணாடி வழியாகக் காற்று புகாது. கார்னியா மூச்சுத் திணறி வீங்கிவிடும். பின்னர் பிளாஸ்டிக் லென்ஸ் வந்தது. அதிலும் காற்று புகவில்லை. அதனால் 1948-ல் சிறிய பிளாஸ்டிக் லென்ஸும், 1960-களில் மிருதுவான லென்ஸும் வந்தபோது, பெரிய லென்ஸை உலகம் ஏறக்குறைய மறந்தே போனது.

1983-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த டான் எசக்கியேல், ஆக்சிஜனைக் கடத்தும் பிளாஸ்டிக்கில் ஸ்கிளிரல் லென்ஸ் செய்து காட்டினார். மூடிக் கிடந்த கதவு திறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் பெர்ரி ரோசந்தால் உருவாக்கிய லென்ஸுக்கு 1994-ல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. இன்று அம்முறை ‘ப்ரோஸ்’ என்று அழைக்கப்படுகிறது.

நம் ஊர்ப் பக்கம்

இதற்காக அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. மருத்துவர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சென்னை சங்கர நேத்ராலயாவிலும், ஐதராபாத்தில் உள்ள எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும் ப்ரோஸ் பொருத்துகிறார்கள். சிறுவர் சிறுமியருக்கு இத்தகைய லென்ஸ் பொருத்திய அனுபவத்தை ஐதராபாத் மருத்துவர்கள் 2012-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

இந்த லென்ஸை, மூக்குக்கண்ணாடி போல ஒரே நாளில் வாங்கி வர முடியாது. முதலில் கருவியால் கார்னியாவின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுப்பார்கள். பிறகு மாதிரி லென்ஸ்களைப் பொருத்தி, அது எங்கே அழுத்துகிறது, எங்கே தூக்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதன் பின் அந்தக் கண்ணுக்கென்றே கணினி இயந்திரத்தில் கடைந்தெடுப்பார்கள். தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போலத்தான்! இத்தனை வேலை இருப்பதால் விலையும் அதிகம்.

போடுவதற்கும் பயிற்சி வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, லென்ஸில் மருத்துவர் சொன்ன உப்பு நீரைத் தளும்ப ஊற்ற வேண்டும். முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து, இமைகளை விரித்து, நீர் சிந்தாமல் கண்ணில் பொருத்த வேண்டும். நடுவில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் கழற்றி மறுபடி போட வேண்டியதுதான். இரவில் சிறு ரப்பர் உறிஞ்சியால் கழற்றி வைத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ‘அகந்தமீபா’ என்ற நுண்ணுயிர் கார்னியாவையே அரித்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. லென்ஸ் நோயைக் குணமாக்குவதில்லை. கழற்றினால் பார்வை பழையபடி மங்கிவிடும். கார்னியா முழுவதும் வெளுத்து, ஒளியே புகாதபடி ஆகிவிட்டால் இந்த லென்ஸால் பயனில்லை. அப்போது பலருக்குக் கண்தானமாகக் கிடைக்கும் கார்னியாதான் கைகொடுக்கும்.

வராமல் காப்பது உங்கள் கையில்

வெயிலிலும் புழுதியிலும் விளையாடும்போது கண் அரிக்கும். உடனே இரண்டு கையாலும் கசக்குகிறோம். இந்தக் கசக்கும் பழக்கம் கார்னியா கூம்பாவதற்குத் துணைபோகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். அரிப்பு நிற்கச் சொட்டு மருந்து உண்டு; மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூம்பாகத் தொடங்கியதை முதலிலேயே கண்டுபிடித்தால், மேலும் வளராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தை விட்டு, புறஊதாக் கதிரைப் பாய்ச்சிக் கார்னியாவை உறுதியாக்குவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் இதன் பலனை 2003-ல் உலகுக்குச் சொன்னார்கள். ஆனால் காலத்தோடு போக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன். கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிச் சமாளிக்காதீர்கள். கண்ணாடி போட்ட பின்பும் தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அடிக்கடி தப்பும் தவறுமாக எழுதும் தோழனை ‘மக்கு’ என்று கேலி செய்யாதீர்கள். மங்கியிருப்பது அவன் மூளையாக இருக்காது, அவன் கண்ணின் சன்னலாக இருக்கலாம்!

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் கண் பிரிவு உண்டு. ஒரு பஸ் பயணத்தில் போய்விடலாம். அங்கே முதலில் பரிசோதனை செய்துகொண்டால், அடுத்து என்ன செய்யலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

நினைவில் வையுங்கள்!

* கண்ணைக் கசக்காதீர்கள்.
* ஓராண்டுக்குள் கண்ணாடியின் பவர் பலமுறை மாறினால், கார்னியாவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.
* வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடாதீர்கள். பீய்ச்சிக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.
* சுண்ணாம்போ வேறு எதுவோ கண்ணில் தெறித்தால், அந்த நொடியே சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். பிறகு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* பெரியவர் துணையும் மருத்துவர் சொல்லும் இல்லாமல் எந்த லென்ஸையும் கண்ணில் வைக்காதீர்கள்.