விறகு கொத்துகையில் விழிப்பு

2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நகரத்தார் விறகுக்கு அலைந்தனர். வன்னியில் வாழும் நமக்கோ கோடரி பழகிய கருவி. அப்பழக்கமே சில வேளை கவனத்தைக் குறைத்துவிடுகின்றது.

விறகு கொத்துமுன் கோடரியின் பிடி தளர்ந்துளதா என்று பார்த்தல் வேண்டும். மழுங்கிய கோடரி, வைரமேறிய பாலை, வீரைக் கட்டைகளில் இறங்காது வழுக்கிக் காலிற் பாயும். ஆதலால் தீட்டிய கோடரியே பாதுகாப்பானது. கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்தல் பெருந்தவறு. அகன்ற அடிக்கட்டையின்மேல் அதனை நிறுத்தி, கால்களை அகட்டி நின்று கொத்துதல் நன்று. சிராய் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். சிறுவரை எட்ட நிறுத்துவோமாக. விறகுக் குவியலிற் புடையன் பாம்பு படுத்திருக்கலாம். கைவைக்குமுன் தடியால் தட்டிப் பார்ப்போமாக.

நம் மண்ணுக்கே உரிய அபாயம் ஒன்றும் உண்டு. 2009இல் முடிவுற்ற போரின் குண்டுச் சிதறல்கள் முதிய மரங்களினுள்ளே புதைந்திருப்பதுண்டு. பழைய வடுவோ துளையோ உள்ள கட்டையைப் பிளவாது ஒதுக்குக. காட்டில் விறகு பொறுக்குகையில் இனந்தெரியாத இரும்பைக் கண்டால், தொடாது விலகிப் பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும்.

வெட்டுக்காயம் நேரின் தூய துணியால் அழுத்திப் பிடித்து, 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம். உலை கொதிக்கச் சற்றுத் தாமதித்தால் கேடில்லை. இழந்த கண்ணும் காலும் மீளா அன்றோ?