புதிய கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவுங்கால் நேரும் தடைகள்

புதிய கணினியொன்றை வாங்கிவந்து, அதிற் பணிசெயல் முறைமையை நிறுவத் தொடங்கி, இடையிலே அது தடைப்பட்டு நிற்கக் கண்டோர் முதலிற் சொல்வது ‘பொருள் பழுது’ என்பதேயாம். பெரும்பாலும் அஃது உண்மையன்று. விண்டோஸ் இல்லாது விற்கப்படும் மடிக்கணினிகள் விலை சற்றுக் குறைந்தனவாதலின், அவற்றை நாடும் மாணாக்கர் பலர். பிள்ளையின் படிப்புக்கெனப் பெற்றோர் நகையை ஈடுவைத்து வாங்கிய பொருள், முதல் நாளிலேயே திரையில் ஒருவரி ஆங்கிலத்தைக் காட்டி நின்றுவிட்டால் வீட்டார் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்தில் நல்ல வன்தட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்குவோரும் உளர். ஆதலின் தடை எவ்விடத்தில், எதனால் நேர்கின்றது என்பதைச் சிறிது விளக்குதல் பயனுடைத்து. (பணிசெயல் முறைமை என்பது நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் பெயர். தமிழகத்தார் இயங்குதளம் என்பர். பெயர் எதுவாயினும் தொல்லை ஒன்றே.)

நிறுவல் ஒரே செயலன்று. பல செயல்களின் தொடர். ஆளியை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள் விழித்து, வன்பொருள்களைச் சோதித்து, பென் டிரைவிலுள்ள நிறுவல் நிரலை எழுப்புகின்றது. அந்நிரல் வன்தட்டைத் தேடிக் கண்டு, அதனைப் பிரிவுகளாக்கி, கோப்புகளைப் படியெடுத்து, கணினியை மீளத் தொடக்குகின்றது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்பதை அறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். எனவே முதற் கேள்வி, நிலைபொருளின் பட்டியலில் வன்தட்டின் பெயர் காணப்படுகின்றதா என்பது. கணினி தொடங்கும்போது, தயாரித்தவர் விதித்தபடி, எப் 2 அல்லது டிலீற் போன்றதொரு விசையை அழுத்தினால் அப்பட்டியல் தோன்றும். அங்கும் பெயர் இல்லையாயின், தட்டு சரிவரப் பொருந்தாமலோ பழுதடைந்தோ இருக்கலாம். விற்றவரிடம் மீளக் கொண்டுசெல்வதே முறை. அங்கே பெயர் இருந்தும் நிறுவல் நிரலின் கண்ணுக்கு மாத்திரம் அது புலப்படவில்லையெனின், தட்டின்மேற் குற்றஞ்சுமத்துதல் ஆகாது.

இந்த இரண்டாவது நிலையே புதிய மடிக்கணினிகளில் அடிக்கடி காணப்படுவது. இன்ரெல் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பதினோராந் தலைமுறைச் செயலிகள் தொடக்கம், வி.எம்.டி. என்னும் ஓர் ஏற்பாடு பல மடிக்கணினிகளில் இயங்கும் நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றது. இதன் தன்மையை ஓர் உவமையால் விளக்கலாம். முன்னெல்லாம் வீட்டுக்கு வருபவன் படலையைத் திறந்து நேரே முற்றத்துக்கு வந்து, களஞ்சிய அறையைத் தானே காண்பான். இப்போதோ படலையில் ஒரு காவலாளி நிற்கின்றான். அவன் பேசும் மொழி தனி மொழி. அம்மொழியறியாதவனுக்கு உள்ளே களஞ்சியம் உண்டென்பதே தெரியாது. ‘இவ்வீட்டில் அறையே இல்லை’ என்று சொல்லித் திரும்பிவிடுவான். வன்தட்டு எதுவும் இல்லையென்று நிறுவல் நிரல் கூறுவதும் இவ்வாறானதே.

பரிகாரம் இரண்டு. ஒன்று, காவலாளியின் மொழியைக் கற்பித்தல். கணினியைத் தயாரித்தவரின் இணையத்தளத்திலிருந்து அதற்குரிய சாதனச் செலுத்தியை வேறொரு கணினியிற் பெற்று, பென் டிரைவில் இட்டு, வன்தட்டைத் தெரிவுசெய்யும் திரையில் ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்திக் காட்டவேண்டும். ஒன்றைக் கவனிக்க: அச்செலுத்தி பெரும்பாலும் ஒரே பொதியாகக் கிடைக்கும். அப்பொதியை நிறுவல் நிரல் அறியாது. அதனை முன்னரே பிரித்து, ஐ.என்.எப். என்று முடியும் கோப்பு உள்ள கோப்புறையைத்தான் காட்டவேண்டும். ‘செலுத்தியைக் கொடுத்தும் பயனில்லை’ என்பாரிற் பலர் தவறுவது இவ்விடத்திலேயே. மற்றைய வழி, நிலைபொருளில் வி.எம்.டி. ஏற்பாட்டையே நிறுத்திவிடுதல். இது விரைவானது, ஆயினும் பின்னொருநாள் நிலைபொருள் தன் பழைய அமைப்புக்கு மீளுமாயின், நிறுவிய விண்டோஸ் தொடங்காது போகக்கூடும். ஆகவே முதல் வழியே நன்று என்பது எமது கருத்து.

தட்டு கண்ணுக்குத் தெரிந்தும், ‘இதில் நிறுவ இயலாது, இது ஜி.பி.ரி. வகையினது’ எனத் திரை மறுப்பதும் உண்டு. இதற்குக் காரணம் வரலாற்றிலே கிடக்கின்றது. 1981 இல் ஐ.பி.எம். தனியாட் கணினியோடு வந்த பயோஸ் என்னும் நிலைபொருளின் வழிவந்த கணினிகள் எம்.பி.ஆர். என்னும் பிரிவிடல் அட்டவணையையே கையாண்டன. அவ்வட்டவணையில் ஒரு துண்டத்தின் முகவரிக்கு 32 இருமவெண்களே உள. துண்டம் ஒன்று 512 பைற்றாயின், அது 2,199,023,255,552 பைற்றுக்கு மேல் எண்ண வல்லதன்று. பின்வந்த யூ.ஈ.எப்.ஐ. என்னும் நிலைபொருள் ஜி.பி.ரி. அட்டவணையைக் கொண்டது. பென் டிரைவ் பழைய முறையில் எழுப்பப்பட்டு, தட்டு புதிய முறையிற் பிரிக்கப்பட்டிருப்பின் விண்டோஸ் மறுக்கும். யூ.ஈ.எப்.ஐ. முறையில் மீளத் தொடக்கினாற் போதும். ‘டிஸ்க்பாட்’ நிரலில் ‘கிளீன்’ என்று கட்டளையிடுக எனச் சிலர் உடனே அறிவுரை கூறுவர். அக்கட்டளை ஒரு நொடியில், மறுவினாவின்றி, பிரிவிடல் அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். கணினியில் இரு தட்டுகள் இருந்து, எண்ணைப் பிழையாகத் தெரிந்துவிட்டால், ஐந்தாண்டுக் குடும்பப் படங்களுக்கு விடைகொடுக்க நேரும். அடையாளத்தை எண்ணால் அன்றித் தட்டின் கொள்ளளவாற் சரிபார்த்தல் அறிவுடைமை. மற்றைய தட்டைக் கழற்றி வைத்தல் அதனினும் நன்று.

திரையிலே தோன்றும் செய்தியை அப்படியே நம்புதலுங் கூடாது. 2009 இல் வந்த விண்டோஸ் 7, யூ.எஸ்.பி. 3.0 துளைகளுக்குரிய செலுத்தியைத் தன்னகத்தே கொண்டதன்று. 2015 இல் இன்ரெல் தன் சில்லுத்தொகுதியிலிருந்து பழைய யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியை நீக்கியபோது, விண்டோஸ் 7 ஐப் புதிய தாய்ப்பலகையில் நிறுவ முயன்றோர்க்கு விசைப்பலகையும் சுட்டியும் உயிரற்றுப் போயின. திரையிலோ ‘சீ.டி. செலுத்தி காணவில்லை’ என்று வந்தது. இறுவட்டே பயன்படுத்தாதவனிடம் இறுவட்டைக் கேட்டால் அவன் என் செய்வான்! இங்ஙனமே 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11, ‘இக்கணினி தகுதியற்றது’ என்று கூறும்போது, ரி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு நிலைபொருளில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதே சிலவேளை காரணமாகும்.

கோப்புகளைப் படியெடுக்குங்கால், ஒருமுறை 23 வீதத்திலும் மறுமுறை 61 வீதத்திலும் நின்றால் நினைவகத்தை ஐயுறுக; மெம்ரெஸ்ற் போன்ற சோதனை நிரலை ஓரிரவு ஓடவிடலாம். எப்பொழுதும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவையே ஐயுறுக. பதிவிறக்கிய கோப்பு முழுமையானதா என்பதை, வெளியிட்டவர் தந்துள்ள எஸ்.எச்.ஏ. 256 சரிபார்ப்பெண்ணோடு ஒப்பிட்டு அறியலாம். பற் 32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜி.பி. அளவை எட்டிய தனிக்கோப்பை ஏற்காது என்பதும் நினைவிற்குரியது.

எல்லாம் முடிந்து, கணினி மீளத் தொடங்கியபின் நிறுவலின் முதற்றிரையே மறுபடியுந் தோன்றுமாயின் அஞ்சவேண்டா. பென் டிரைவைக் கழற்றிவிட்டு மீளத் தொடக்குக. ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியாயின், நிலைபொருளில் எதனையும் மாற்றுமுன் பிற்லொக்கர் என்னும் மறைகுறியீடு இயங்குகின்றதா எனப் பார்த்து, அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்துக்கொள்க. நிலைபொருள் மாறியதும் கணினி அதனைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையெனின், தட்டினுள் இருப்பதை எவராலும் மீட்க முடியாது.