குமுறும் பிஞ்சு உள்ளங்கள்

காலை மணி எட்டு. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் நின்று ஒலி எழுப்பிக் கொண்டிருக்கிறது. கூடத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறான். அதன் தையல் விரலில் உறுத்துகிறதாம். "நேரமாச்சு, அப்படியே போட்டுக்கிட்டுக் கிளம்பு" என்கிறார் உம்மா. அவ்வளவுதான்! காலுறை ஒரு மூலைக்கும் காலணி மறுமூலைக்கும் பறக்கின்றன. சிறுவன் தரையில் புரண்டு அலறுகிறான். "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே!" என்று அடுக்களையிலிருந்து உம்மம்மாவின் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சன்னல் திறக்கிறது. உம்மாவின் கை உயர்ந்து, முதுகில் இரண்டு அடி விழுகிறது. வேன் போய்விடுகிறது.

அன்றிரவு, கன்னத்தில் கண்ணீர்த் தடம் காயாமல் உறங்கும் மகனைப் பார்த்தவாறு அந்தத் தாய் அமர்ந்திருக்கிறார். அவருடைய நெஞ்சை இரண்டு கேள்விகள் அரிக்கின்றன. இவன் ஏன் இப்படிப் பிறந்தான்? நான் வளர்த்த விதம்தான் தவறோ?

அன்புள்ள பெற்றோர்களே! இத்தகைய காலைப் பொழுதை நீங்களும் கண்டிருக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுள் ஒன்று தென்றலைப் போல் இருக்க, மற்றொன்று தொட்டதற்கெல்லாம் கொதித்து எழுவதைப் பார்த்துத் திகைத்திருக்கலாம். அந்தத் தாயின் இரண்டு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

பிறவியிலேயே அமைந்த இயல்பு

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஓர் இயல்போடு பிறக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்த இயல்பை ஒன்பது கூறுகளாக அவர்கள் பிரித்தனர். உணர்ச்சி எவ்வளவு வேகத்தோடு வெளிப்படுகிறது என்பது அவற்றுள் ஒன்று. புதியவற்றை ஏற்றுக் கொள்ளும் விதமும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணரும் நுட்பமும் ஏனைய கூறுகளில் அடங்கும்.

அவர்கள் ஆராய்ந்த குழந்தைகளுள் சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்கிப் போகும் இயல்பினர். சுமார் 15 விழுக்காட்டினர் எதற்கும் தயங்கித் தயங்கிப் பழகுவோர். சுமார் 10 விழுக்காட்டினர் எதையும் கடும் வேகத்தோடு உணர்ந்து, மாற்றத்தை எளிதில் ஏற்காதவர்கள். எஞ்சியோர் இவை கலந்த இயல்பினர்.

ஆகவே, தையல் உறுத்துகிறது என்று அந்தச் சிறுவன் சொன்னது நடிப்பன்று. நாம் உணராத உறுத்தலை அவன் உண்மையாகவே உணர்கிறான். அவனை அப்படிப் பிறக்க வைத்தது தாயின் வளர்ப்பும் அன்று. ஆனால் அந்த ஆய்வாளர்கள் மற்றொன்றையும் வலியுறுத்தினர். குழந்தையின் இயல்புக்கும் சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருந்தால் குழந்தை நன்கு வளரும். பொருத்தம் இல்லாவிடில் சிக்கல் முற்றும். இயல்பை நாம் மாற்ற முடியாது. பொருத்தத்தை உண்டாக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். கோபத்தில் கொதிக்கும் அதே பிள்ளைதான் மகிழ்ச்சியில் வீடே அதிரத் துள்ளுகிறது. காலொடிந்த பூனைக்குட்டியைக் கண்டு மற்றப் பிள்ளைகள் கடந்து போக, இது மட்டும் அழுது கொண்டே வீட்டுக்குத் தூக்கி வருகிறது. வேகமாய் உணரும் நெஞ்சம் அன்பையும் வேகமாகவே உணரும்.

அடித்தால் அடங்குமா?

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றனர் முன்னோர். முருங்கைக்கு அது பொருந்தலாம். பிள்ளைக்கு?

மூளையில் உணர்ச்சியை மூட்டும் பகுதிகள் சிறு வயதிலேயே விழித்துக் கொள்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்திச் சிந்திக்க வைக்கும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் வேகம் இருக்கிறது. அதை அடக்கும் வலிமை இன்னும் வளரவில்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது கிடைக்கும் அடி, அச்சத்தையும் சேர்த்து அந்தக் கொதிப்பைப் பெருக்குகிறது. சில வேளை பிள்ளை வாய் மூடிக் கொள்ளலாம். அது பயத்தின் அமைதி. கோபம் வந்தால் வலியவர் எளியவரை அடிக்கலாம் என்ற பாடம் மட்டுமே அங்குக் கற்பிக்கப்படுகிறது. மறுநாள் அவன் தம்பியை அடித்து அந்தப் பாடத்தை ஒப்புவிக்கிறான். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆசிரியருக்குக் கூடாதென்று நாம் ஒப்புக் கொண்டதை வீட்டில் நாமே செய்யலாமா?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கடைத்தெருவில் பிள்ளை அலறினால் மானம் போகிறதே என்று, மறுத்த பொம்மையையே வாங்கிக் கையில் திணிப்போர் பலர். இக்காலத்தில் கைப்பேசியைக் கொடுத்து வாயை அடைப்போர் அவர்களினும் பலர். அலறினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக் கொள்கிறது. கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று நாம் கற்றுக் கொள்கிறோம். இருவரும் ஒருவரையொருவர் இப்படிப் பழக்கிக் கொள்ளும் சுழலை, ஜெரால்டு பேட்டர்சன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் பல குடும்பங்களைக் கவனித்து விளக்கியுள்ளார்.

எனவே, அடியும் வேண்டாம், அடிபணிவதும் வேண்டாம். உணர்ச்சி எதுவாயினும் ஏற்றுக் கொள்ளுங்கள்; தவறான செயலை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். "உனக்குக் கோபம் வந்தது சரி. தம்பியை அடிக்க விடமாட்டேன்" என்ற இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தே வர வேண்டும்.

புயல் வீசும் வேளையில்

மைக்கேல் போட்டெகல், ரிச்சர்டு டேவிட்சன் ஆகியோர் 2003ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளின் ஆவேசங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்திற்குள் அடங்கிவிட்டன. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்தை எட்டிப் பின்னர் தணிகிறது. அழுகையும் ஆறுதல் தேடுவதும் இறுதியில் மேலோங்குகின்றன. இந்த உண்மை நமக்கு எவ்வளவு பயன் தருகிறது, பாருங்கள்! முதல் சில நிமிடங்களில் நாம் செய்யும் உபதேசம் பிள்ளையின் செவியில் ஏறுவதில்லை. நம் கூச்சல் அந்தத் தீயில் ஊற்றும் எண்ணெயாகிறது.

அவ்வேளையில் குரலைத் தாழ்த்திக் கொள்ளுங்கள். உடைந்து காயப்படுத்தக் கூடியவற்றை அப்புறப்படுத்துங்கள். வேடிக்கை பார்ப்போரை விலக்குங்கள்; இயலாவிடில் பிள்ளையை அமைதியான அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதிரே நின்று அச்சுறுத்தாமல் பக்கத்தில் தரையில் அமர்ந்து, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சில பிள்ளைகள் அணைப்பை விரும்பும். சில பிள்ளைகள் தொட்டாலே மேலும் கொதிக்கும். உங்கள் பிள்ளை எந்த வகை என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

கோபம் இறங்கி விம்மல் எழும்போது பிள்ளை உங்களை நாடி வரும். அப்போது, "போ, என்கிட்டே வராதே" என்று முகம் திருப்பாதீர்கள். அணைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் கொடுங்கள். அணைத்ததால் அடம் வென்றுவிடாது. மறுத்த பொருளை அப்போதும் கொடுக்க வேண்டியதில்லை.

உணர்வுக்கு ஒரு பெயர்

பல பிள்ளைகளுக்குத் தமக்குள் நேர்வது என்னவென்று சொல்லத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் "கோபம்" என்ற ஒரே சொல்தான். ஆனால் நம் மொழியில் எத்தனை சொற்கள்! எரிச்சல், ஏமாற்றம், வெட்கம், ஏக்கம், பொறாமை, பதற்றம், ஆற்றாமை என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் இருக்கிறதே!

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உணர்ச்சி ததும்பும் முகங்களின் படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, அவற்றில் தெரியும் உணர்வுக்குப் பெயரிடச் சொன்னார்கள். பெயரிட்ட போது, மூளையில் அச்சத்தையும் கொதிப்பையும் எழுப்பும் பகுதியின் துடிப்பு குறைந்தது. மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நம் மூத்தோர் கூறுவதை இது நினைவூட்டுகிறது.

விளையாட்டில் தோற்றுக் கேரம் பலகையைக் கவிழ்த்த மகளிடம், எல்லாம் அடங்கிய பிறகு, "ஜெயிச்சிடுவோம்னு நினைச்சிருந்தே, ஏமாற்றமாப் போச்சு, இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் தலையசைப்பாள், அல்லது, "இல்லை, அண்ணன் சிரிச்சான்" என்பாள். அப்போதுதான் அவளை வாட்டியது தோல்வி அன்று, அவமானம் என்று உங்களுக்கே விளங்கும். அடுத்த முறை என்ன செய்யலாம் என்பதையும் அவளிடமே கேளுங்கள். கவிழ்ந்த காய்களை அவளே பொறுக்கி எடுக்கட்டும்.

முன்னேற்பாடு

நெருக்கடிகள் பெரும்பாலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வருகின்றன. காலைப் பரபரப்பு, பள்ளி விட்டு வந்த பசி, வீட்டுப்பாடம், மதரஸாவுக்குக் கிளம்பும் நேரம், விருந்தினர் கூட்டம், உறங்கப் போகும் வேளை. இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள். எப்போது, எதற்கு முன்பாக, பசியா தூக்கமா என்று எழுதினால், காரணம் தானே புலப்படும்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பெரியவர்களோடு நள்ளிரவு வரை விழித்திருக்கும் பிள்ளை காலையில் எப்படிச் சிரித்த முகத்தோடு எழும்? பள்ளியிலிருந்து வந்தவுடன், "என்ன மார்க் வாங்கினே?" என்று கேட்கும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ கொடுங்கள். விளையாடும் பிள்ளையைத் திடீரென இழுக்காமல், "இன்னும் பத்து நிமிஷம்" என்று முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

கல்யாண வீட்டுக்கோ பெருநாள் விருந்துக்கோ போகும் முன், அங்கே யார் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம் இருப்போம் என்பதைச் சொல்லுங்கள். சரிகை குத்தும் உடுப்பைக் கட்டாயப்படுத்தாமல் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டு விடுங்கள். கூட்டத்தில் தாங்க முடியாமல் போனால் உங்கள் கையை இரண்டு முறை அழுத்தும்படி ஓர் அடையாளம் பேசி வைத்துக் கொள்ளுங்கள். உறவினர் முன்னிலையில், "இவன் அடங்காப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓயாமல் காதில் விழும் பெயருக்கு ஏற்பவே பிள்ளை நடக்கத் தொடங்கும்.

தொலைவில் இருக்கும் வாப்பா

நம் வீடுகள் பலவற்றில் வாப்பா வளைகுடா நாட்டில் இருக்கிறார். வளர்ப்புச் சுமை முழுவதும் உம்மாவின் தோளில். "இரு, வாப்பாகிட்டே சொல்றேன்" என்ற அச்சுறுத்தலுக்கே அவர் பெயர் பயன்படுகிறது. அழைப்பு வந்தவுடன் குற்றப் பட்டியல் வாசிக்கப்பட, மகன் அறைக்குள் ஓடி ஒளிகிறான். விடுமுறை முடிந்து வாப்பா விமானம் ஏறிய வாரத்தில் பிள்ளையின் ஆவேசம் கூடினால், அதற்குப் பெயர் திமிர் அன்று, பிரிவுத் துயர். அதைச் சொல்ல அதனிடம் சொல் இல்லை. அன்புத் தந்தையரே! நாளைய அழைப்பில் முதல் ஐந்து நிமிடம் அறிவுரை எதுவுமின்றி, "இன்று உனக்குப் பிடித்தது என்ன, கஷ்டமாக இருந்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

நாமும் மனிதர்களே

இவற்றையெல்லாம் படித்த பிறகும் ஒரு நாள் நாம் கத்திவிடுவோம். அப்போது, "உம்மா கத்தினது தப்பு" என்று பிள்ளையிடம் சொல்வதில் நம் மதிப்புக் குறையாது. தவறிய பின் சீர் செய்வது எப்படி என்பதை அது அங்கே கண்கூடாகக் காண்கிறது. களைத்த தாய்க்கு அரை மணி நேர ஓய்வளிக்க வீட்டில் உள்ளோர் முன்வர வேண்டும். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்பதைவிட, "நீ போய்ச் சற்றுப் படு, நான் பார்த்துக்கிறேன்" என்ற சொல் அவ்வீட்டுக்கு நன்மை செய்யும்.

பிள்ளை தன்னையே காயப்படுத்திக் கொண்டாலோ, செத்துப் போகிறேன் என்று சொன்னாலோ, பல வாரங்கள் உறக்கமும் உணவும் குன்றினாலோ, பள்ளி செல்லவே மறுத்தாலோ, பேச்சும் பழக்கமும் வயதுக்கு ஏற்ப வளரவில்லை எனத் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ நாடுங்கள். இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி, அந்த ஏழு வயதுச் சிறுவனின் வீட்டுக்குத் திரும்புவோம். அவனுடைய உம்மா என்ன செய்யலாம்? இரவே காலுறையைத் திருப்பி, தையல் வெளிப்புறம் வருமாறு மடித்து வைக்கலாம். கால் மணி நேரம் முன்னதாக எழுப்பலாம். "நேத்து உனக்கு உறுத்துச்சு, நான் கேக்கலை" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வேன் வந்து ஒலி எழுப்பும்போது அவன் அன்றும் முணுமுணுக்கலாம், சிணுங்கலாம். ஆனால் தன் சொல்லைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு அவன் படியிறங்குவான்.