பின்வேலிக்கு எந்த விளக்கு?

மஃரிபுக்குப் பின் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கப் பின்வளவில் இறங்கும் பெண்ணுக்கு வெளிச்சம் அவசியம். ஆனால், ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பொழியும் இரத்தினபுரியில், வேலி விளக்கை அழகு பார்த்து மட்டும் வாங்கலாகாது.

பெட்டியில் உள்ள ‘ஐபி’ எண்ணைப் பாருங்கள். அதன் இரண்டாவது இலக்கம், விளக்கு எந்த அளவுக்குத் தண்ணீரைத் தாங்கும் என்பதைக் காட்டும். 44 தெறிக்கும் நீரைத் தாங்கும். கூரையில்லாத வேலிக்கு 65 நல்லது.

வயரை முட்கம்பி வேலியில் கட்டவே வேண்டாம். அதன் உறை கிழிந்தால் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். ஈர நிலத்தில் நின்று தொடும் குழந்தையின் உயிரே போகலாம். தனிக் கம்பம் நட்டு, குழாய்க்குள் வயரைக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சிறிய சூரிய விளக்குக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. ஆனால், றப்பர் மர நிழலிலும் மழைக்கால மூட்டத்திலும் அது சரியாகச் சார்ஜ் ஏறாது.

பழைய 60 வாற்று குமிழ் தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு செலவாகும். 9 வாற்று எல்.ஈ.டி.க்கு 1.35 அலகுதான். மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகளும் குறைவாக வரும்.

விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். நமது வெளிச்சம் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாதல்லவா?