இடிபாடு: யாருடைய சொல்?

‘இடிபாடு’ என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. சொந்தக்காரர்கள் செத்துப்போய்விட்டார்கள் என்பதையும் கூடவே சொல்லியாகிவிடுகிறது. வியத்நாமில் நிற்கும் சாம் மக்களின் செங்கல் கோயில்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது.

மத்திய வியத்நாமில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு மி சோன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் இங்கே சிவனை நிறுவி பத்ரேஸ்வரன் என்று பெயரிட்டான். அந்தக் கோயில் எரிந்துபோக, ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் திரும்பக் கட்டித் தன் பெயரையும் முன்னால் ஒட்டிக்கொண்டான்: சம்புபத்ரேஸ்வரன். அதிகாரம் தன்னைக் கடவுளின் பெயருக்குள் எழுதிக்கொள்வதற்கு இதைவிடத் துலக்கமான பிரதி வேண்டுமா? 1471இல் வியத்நாமியப் படையிடம் சாம்பாவின் விஜயா நகர் வீழ்ந்தது. எஞ்சிய பாண்டுரங்காவை 1832இல் பேரரசன் மின் மாங் விழுங்கினான்.

1898இல் பிரெஞ்சுக்காரர்கள் மி சோனைக் ‘கண்டுபிடித்தார்கள்’. ஆன்ரி பார்மான்த்தியே கோயில்களை ஏ, பி, சி என்று பிரித்து எண் போட்டார். அவற்றில் ஆகச் சிறந்ததென்று பேசப்பட்ட ஏ1, 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியது. ஆக, இடித்தது காலம் மட்டுமல்ல. கலை வரலாற்றாளர் பிலிப் ஸ்டெர்ன் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார். சின்னங்களைக் காக்கும்படி உத்தரவு போயிற்று. செங்கல்லுக்கு இரங்கினார்கள், சரி. சுற்றியிருந்த ஊர்களுக்கு?

நம்மாட்கள் கதை வேறு. ஆர்.சி. மஜும்தார் 1927இல் சாம்பா பற்றிய தன் நூலைத் ‘தூரக் கிழக்கின் பண்டைய இந்தியக் காலனிகள்’ என்ற வரிசையில் வைத்தார். தான் காலனியாகக் கிடந்தபோதே, தனக்கும் காலனிகள் இருந்தன என்று பெருமைப்பட்ட சொல்லாடல் இது. 2020இல் இந்தியத் தொல்லியல் துறை மி சோனில் ஒற்றைக்கல் லிங்கத்தைக் கண்டெடுத்ததும் வெளியுறவு அமைச்சர் ‘நாகரிகத் தொடர்பு’ என்று மகிழ்ந்தார். தமிழ்ப் பக்கமும் சளைத்ததில்லை. வோ கான் கல்வெட்டின் ‘ஸ்ரீமாரன்’ பாண்டிய மாறனாக இருக்கலாம் என்று ழான் ஃபிலியோசா ஒரு யூகமாகத்தான் சொன்னார். அதுவே மேடையேறும்போது ‘வியத்நாமை ஆண்ட தமிழன்’ ஆகிவிடுகிறது. என்னத்தைச் சொல்ல!

தோங் யென் சௌ கல்வெட்டைப் பற்றி மேடையில் யாரும் மூச்சுவிடக் காணோம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் இது பழஞ்சாம் மொழியில் இருக்கிறது. ஆஸ்திரோனேசிய மொழிகளில் கிடைத்த மிகப் பழைய எழுத்து. அரசனின் நாகத்தை மதிப்பவனுக்குச் சொர்க்கத்திலிருந்து மணிகள் விழும். இகழ்பவன் ஏழு குலத்தோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பான் என்கிறது. நாகம், சொர்க்கம், நரகம், குலம் எல்லாம் சமஸ்கிருத இரவல். வாக்கியம் அவர்களுடையது. ‘இந்தியமயமாதல்’ என்று நாம் எளிதாகச் சொல்வதற்குள் நடந்தது இதுதான்: சொல்லை வாங்கினார்கள், இலக்கணத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

‘இந்து’ என்ற அடையாளமும் அங்கே நாம் நினைக்கிறபடி நிற்பதில்லை. இன்றும் இந்தக் கோயில்களில் வழிபடுகிற சாம்கள் தங்களை அஹியர் என்றும், இஸ்லாம் கலந்த பானிப் பிரிவினரை அவால் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் அரபுச் சொற்கள்: கடைசி, முதல். ரபியுல் அவ்வல் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். லிங்கத்தை வணங்குகிறவன் அரபுச் சொல்லால் தன்னை அழைத்துக்கொள்கிறான்; அவனை எந்தப் பெருங்கதையாடலில் கொண்டுபோய் அடைப்பது?

பான் ராங் குன்றின்மேல் போ க்லாங் கராய் கோயில் இருக்கிறது. உள்ளே முகம் செதுக்கிய லிங்கம். அந்த முகம் அவர்களுக்கு ஒரு ராஜாவின் முகம். தொழுநோயாளியாக இருந்தவன், அணை கட்டி வாய்க்கால் வெட்டித் தந்தவன் என்பது கதை. சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதம் கட்டே திருநாள். பழைய அரசர்களின் ஆடைகளில் சிலவற்றை மலையில் வாழும் ராக்லாய் மக்கள்தான் காத்துவருகிறார்கள். திருநாளுக்கு அவற்றைக் கீழே கொண்டுவந்து தருகிறார்கள். கோயில் கதவு திறக்கும். ஆமையோட்டில் செய்த கன்ஹியை மீட்டிப் பாடுவார்கள். அந்த முகத்தைக் கழுவி உடை உடுத்துவார்கள்.