கன்னி வேட்டையும் பாரி வேட்டையும்

வேட்டையைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்ட மக்கள் எந்நாட்டில் வாழினும், அது தொடங்கும் முதல் நாளைத் திருநாளாகவே கொள்வர். அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம் பல்லாண்டுகளாக, நன்றி கூறும் திருநாளை அடுத்த திங்கட்கிழமையில் தொடங்கி வந்தது. 2019 முதல் அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. அந்தத் திங்களன்று பள்ளிகளுக்கே விடுமுறை விட்ட ஊர்கள் அங்கு உண்டு. நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயின் இதனினும் பழைமையான ஒரு வேட்டை முதல் நாளைத் தெய்வச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே நமக்குப் பாடி வைத்திருக்கின்றார். அதுவே திண்ணனாரின் கன்னி வேட்டை.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன் முதுமையுற்றான். அவன் வேட்டைக்குச் செல்லாமையால் விலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழிக்கத் தலைப்பட்டன. வேடர்கள் வந்து முறையிட்டனர். நாகன் தன் மகனாகிய திண்ணனாருக்குத் தலைமையை அளித்து, தேவராட்டியை அழைத்து வாழ்த்துப் பெறச் செய்து, முதல் வேட்டைக்கு அனுப்பினான். இதில் ஒன்றைக் கருதுக. அவ்வேட்டை வெறும் களியாட்டம் அன்று. விளைந்த புனத்தைக் காக்க எழுந்த கடமை.

வலை கட்டினர், நாய்களை விடுத்தனர், பறைகளை முழக்கினர். பன்றியும் மானும் கரடியும் வீழ்ந்தன. இவ்வளவையும் பாடிய சேக்கிழார் பெருமான், நாம் எளிதிற் கடந்துவிடும் மற்றொரு செய்தியையும் அங்கே வைக்கின்றார். யானைக் கன்றுகளை அவ்வேடர் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். சூல் கொண்டு அடி தளர்ந்து நடக்கும் விலங்கின்மேல் அம்பு தொடுத்திலர். கல்வியறியா வேடர்க்கும் கொலையில் ஓர் எல்லை இருந்தது! ஆங்கிலேயர் ஆட்சியில் 1879-இல் நீலகிரிக்கென ஒரு சட்டம் செய்து, வேட்டை கூடாத மாதங்களை வகுத்தனர். அந்த அறிவு நமக்குப் புதியதன்று என்பதற்கே இதனைச் சொன்னேன்.

வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றி ஒன்றைத் திண்ணனார் துரத்தியதும், நாணனும் காடனும் பின் தொடர்ந்ததும், பொன்முகலிக் கரையும், காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டதும் நீங்கள் அறிந்தனவே. விரிக்க வேண்டியதில்லை. அன்று வேட்டைக்குப் போனவர் ஊர் திரும்பவே இல்லை. அப்பெருமானின் குருபூசை தை மாதத்து மிருகசீரிட நாளில் நிகழ்கின்றது. மிருகசீரிடம் என்பதற்கு மான் தலை என்பதே பொருள்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். மகாசிவராத்திரியில் குலதெய்வத்தை வழிபட்டபின், இச்சிவகங்கைச் சீமையிலும் அண்டைப் பகுதிகளிலும் சிற்றூர்கள் சிலவற்றில் ஆடவர் தடியும் வலையும் நாயுமாகக் காட்டுக்குப் புறப்படும் வழக்கம் உண்டு. அதனைப் பாரி வேட்டை என்பர். கிடைப்பது பெரும்பாலும் முயலே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் மான், முயல் முதலியவற்றை வேட்டையாடுவதை விலக்கிவிட்டன. சிவராத்திரி நெருங்கும்போது வனத்துறையினர் எச்சரிக்கை விடுப்பதும், மீறுவோர் பிடிபடுவதும் செய்தித்தாள்களில் காண்பனவே.

“தகப்பன் பாட்டன் செய்த வழிபாடு, நிறுத்தினால் தெய்வக் குற்றம் ஆகாதா, ஐயா?” என்று கேட்பவர் உண்டு. அவர்களை இகழ்வது முறையன்று. பர்மாத் தேக்கை வெட்டிக் கொணர்ந்து வளவு வளவாக வீடு கட்டிய நாட்டில் இருந்துகொண்டு, காட்டுக்குப் பரிந்து பேசுகையில் சற்றுத் தாழ்ந்த குரலே நமக்குத் தகும். ஆயினும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அவ்விடை சிவராத்திரி மான்மியத்திலேயே இருக்கின்றது.

சிவபுராணம் கூறும் வேடன் வில்வ மரத்தின்மேல் காத்திருந்தான். முதல் யாமத்தில் ஒரு பெண்மான் வந்தது. “என் குட்டிகளை ஒப்படைத்துவிட்டு வருகிறேன்” என்று வாக்களித்தது, விட்டான். அடுத்த யாமத்தில் அதன் தங்கை, பின்னர் ஆண்மான். ஒவ்வொரு முறை வில்லை வளைத்தபோதும் இலையும் நீரும் கீழிருந்த இலிங்கத்தின்மேல் விழுந்தன. முடிவில் மூன்றும் குட்டிகளுடன், சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றன. அக்காட்சியில் வேடன் உள்ளம் உருகி, அனைத்தையும் போகவிட்டான். அப்பொழுதே இறைவன் அவனுக்கு வெளிப்பட்டான். எய்யாது விட்ட அம்பிற்குக் கிடைத்த பயன் அது. சிவராத்திரியைக் கொண்டாடிவிட்டு மறுநாள் முயலைத் துரத்துவோன், கதையின் முதற் பாதியை மட்டும் கேட்டவன் ஆகின்றான். வேட்டையை விடுதலால் தெய்வக் குற்றம் சிறிதும் இல்லை என்பது அடியேன் துணிபு.

“காளத்தியப்பர் பன்றி இறைச்சியை ஏற்றாரே” எனின், ஏற்றார். தம் பசியை மறந்து, தேவருக்குப் பசிக்குமே என்று துடித்த ஒருவரிடம் ஏற்றார். அவ்வன்பினர் ஆறாம் நாள் தம் கண்ணையே இடந்து அப்பினார். பங்கு பிரித்து வீட்டுக்குக் கொண்டு செல்லும் இறைச்சிக்கு அவரைச் சாட்சி அழைத்தல் பொருந்தாது.

வேட்டை விழா வேண்டும் என்பார்க்கும் நம் திருக்கோயில்களில் இடம் உண்டு. விசயதசமியன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடும் பரிவேட்டையை இந்நாட்டார் மகர்நோன்பு என்பர். காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்று ஒரு திடலே பெயர் பெற்றுள்ளது. அரசர்கள் படையெடுப்புக்குரிய நாளாகக் கொண்ட அந்நாளில், வன்னி மரத்தையோ நட்டுவைத்த வாழையையோ நோக்கித்தான் அம்பு செல்கின்றது. வாழை சாயும், மக்கள் ஆரவாரிப்பர், சுவாமி கோயிலுக்குத் திரும்புவார். அவ்வாறு எழுந்தருளுபவர் சந்திரசேகரராக இருப்பின், இடக்கரத்தை உற்று நோக்குங்கள். தாருகாவனத்து முனிவர் வேள்வியில் எழுப்பி ஏவிய மான், அவர் விரல் நுனியில் துள்ளி நிற்கும்.